பத்து நிமிடம்

காலை ஆறரைக்குக் காரைப் பூட்டி
சாவியை முன்சக்கரத்தின் மேல் வைத்தான் இன்னஸ்.
போன வருடம் சாவி ஓடையோடு போன கதையை
யாரும் எடுக்கவில்லை.
அக்டோபர். புல்லெல்லாம் நரியின் நிறம்.

மலைக்குக் கேலிக் மொழியில் ஒரு பெயர்.
நால்வரும் நான்கு விதமாக உச்சரித்தோம்.
எய்லியின் அப்பா தீவுக்காரர்,
அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.
அதற்காக யாரும் மாற்றிக்கொள்ளவில்லை.

முதல் இரண்டு மைல் சதுப்பு.
காலை உள்வாங்கி, கொஞ்சம் யோசித்து,
மனமில்லாமல் திருப்பித் தரும் நிலம்.
மான்வேலியின் மேல் ஏறி நின்று பார்த்தால்
மலை இடுப்புவரைதான் இருந்தது.

"இன்னும் எவ்வளவு?"
"பத்து நிமிடம்" என்றான் ஸ்ட்ரூவன்.

ஸ்ட்ரூவனின் பத்து நிமிடத்துக்குள்
ஓர் ஓடையைக் கடக்கலாம்,
எய்லி பூட்ஸைக் கழற்றி, நாடாக்களை முடிந்து
கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கலாம்,
இன்னஸ் தாண்டிக் குதிக்கலாம்,
ஒரு கால் மட்டும் அக்கரை சேரலாம்.
பிறகு நாள் முழுதும் அவன் இடது பூட்ஸ்
சளக் சளக்கென்று பேசிக்கொண்டே வந்தது.
அவன் பேசவில்லை.

செங்குத்தில் ஒற்றை வரிசை.
முன்னால் போகிறவரின் குதிகால்தான் உலகம்.
யாருடைய முகத்தையும் யாரும் பார்க்கவேண்டியதில்லை.
அதனால்தானோ என்னவோ, சரளைச் சரிவின் நடுவில்
மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே
இன்னஸ் சொன்னான்:
மோர்வென் போய்விட்டாள். ஆகஸ்டிலேயே.
நாயையும் கூட்டிக்கொண்டு.

கல்லொன்று உருண்டு கீழே போனது.
அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.
ஸ்ட்ரூவன் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினான்,
அதில் ஒரு துண்டு சீஸ்.
இன்னஸ் வாங்கித் தின்றான்.

பிறகு மேகம். இமைமயிரில் நீர் கோத்தது.
வெள்ளைக்கு மாறிக்கொண்டிருந்த டார்மிகன் பறவை ஒன்று,
சட்டை பாதி மாற்றுகையில் கதவைத் திறந்தவர்களைப் பார்ப்பதுபோல்
எங்களைப் பார்த்து, கரகரவென்று திட்டிவிட்டு நகர்ந்தது.

மதியம் இரண்டு மணி. கற்குவியல்!
கத்தினோம். கட்டிப்பிடித்தோம்.
எய்லியின் தகரக் குப்பி சுற்றி வந்தது,
விஸ்கி காதுவரை சுட்டது.
படத்தில் நாங்கள் நால்வர், பின்னால் வெறும் வெள்ளை.
எந்த மலையிலும் எடுத்திருக்கலாம்.
சுண்ணாம்படித்த எந்தச் சமையலறையிலும்.

அப்போது காற்று திரும்பியது.
மேகம் கிழிந்த இடத்தில்
எங்களைவிட உயரத்தில்
இன்னொரு கற்குவியல்.

ஸ்ட்ரூவன் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பினான்,
அப்படியும் அது அங்கேயே இருந்தது.
எய்லிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து
பாறையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.
கொண்டாடியாயிற்றே, போதாதா என்றேன் நான்.
ஆறு மணிக்கு இருட்டிவிடும்.
"எவ்வளவு தூரம்?" என்று அவள் கேட்டபோது
எனக்குத் தெரிந்து முதல்முறையாக
ஸ்ட்ரூவன் "தெரியவில்லை" என்றான்.

சளக் சளக்.
இன்னஸ் நடக்க ஆரம்பித்திருந்தான்.

நாற்பது நிமிடம் ஆனது.
நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மேகமும் திரும்பியிருந்தது.
காட்சி இல்லை, விஸ்கி இல்லை,
படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.
காற்றுக்கு முதுகு காட்டி நெருங்கி உட்கார்ந்து
கடைசி ஓட்ஸ் பிஸ்கட்டை நான்காக உடைத்தோம்.
பெரிய துண்டு யாருக்குப் போனது என்று
நான் சொல்லமாட்டேன்.

இறக்கம் முழுக்க நெற்றி விளக்குகள்.
கண்ணுக்குத் தெரியாத கலைமான்கள்
பள்ளத்தாக்கின் இரு பக்கமும் முக்காரமிட்டன.
முழங்கால் வலியில் எய்லி பின்பக்கமாக இறங்கினாள்.
அவள் சொல்லித்தந்த கேலிக் வசவுகளை மட்டும்
நால்வரும் ஒரே மாதிரி உச்சரித்தோம்.

சாவி வைத்த இடத்திலேயே இருந்தது,
தொட்டால் விரலில் ஒட்டும் குளிரோடு.
ஹீட்டர் ஓடியது. கண்ணாடிகள் எங்கள் மூச்சில் வெளுத்தன.
பின்னிருக்கையில் ஸ்ட்ரூவன் வாயைத் திறந்து தூங்கினான்.

"கிளம்பலாமா?" என்றாள் எய்லி.

விளக்குகூடப் போடாமல்
ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தபடி
"பத்து நிமிடம்" என்றான் இன்னஸ்.

அவள் சீட் பெல்ட்டைக் கழற்றினாள்.